பத்திரம், பட்டா, வாடகை: சொத்து முதலீட்டில் நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாட்டில் ஒரு மனையோ வீடோ முதலீட்டுக்கு ஏற்றதா என்பதை நான்கு கேள்விகள் முடிவு செய்கின்றன. விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறதா? வாங்குபவர் நினைக்கும் பயன்பாட்டுக்கு அரசு அனுமதி உண்டா? அந்த இடத்தின் தண்ணீரும் வடிகாலும் எப்படி? போட்ட பணம் வாடகையாகவோ விலை உயர்வாகவோ எவ்வளவு திரும்பி வரும்? நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த நல்ல பதிலை மற்ற மூன்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான இழப்புகள் தொடங்குகின்றன. சொத்து வாங்குவோரிடம் புழங்கும் நம்பிக்கைகள் பலவற்றுக்கும் வேர் இந்தக் குழப்பமே.

நம்பிக்கை: பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து சொந்தம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது ஆவணம். உரிமை அங்கே தீர்மானிக்கப்படுவதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்த ஆவணம் வழியாகவே நடக்க வேண்டும். ஆகவே பதிவு கட்டாயம். ஆனால் விற்பவருக்கு இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்கித் தராது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1)-ஐச் செல்லாது என்று அறிவித்தது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம். உரிமையை ஆராயும் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

பவர் பத்திரத்தை நம்பி வாங்குவது இதைவிட ஆபத்து. பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டால் சொத்து கைமாறியதாகாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. முகவர் வழியாக முறையான கிரயப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பதியும் நாளில் அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதிகாரம் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பட்டா பெயரில் இருந்தால் போதும்

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. நிலவரி யார் பெயரில் என்பதைச் சொல்வது அது. பட்டா மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. 1979-ல் தொடங்கி 1980-கள் வரை நடந்த யூடிஆர் எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர், பரப்பு, உட்பிரிவு மாறிப் பதிவான பிழைகள் இன்றும் திருத்தப்படாமல் கிடக்கின்றன. பக்கத்து நிலத்தின் பத்து சென்ட் சேர்ந்துவிட்ட பட்டாவும் உண்டு. உரியவர் பெயர் விடுபட்டுப்போன பட்டாவும் உண்டு.

அதற்காகப் பட்டா வேண்டாத தாள் என்று தள்ளிவிடவும் முடியாது. பத்திரத்தில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை பட்டாவோடும் புலப்பட வரைபடத்தோடும் ஒத்துப்போகின்றனவா என்பதே முதல் சோதனை. அடுத்தது ‘அ’ பதிவேடு. நிலம் ரயத்துவாரியா, புறம்போக்கா, மேய்க்காலா, நீர்நிலையா என்பதை அதுதான் காட்டும். பஞ்சமி நிலமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே விசாரிக்க வேண்டும். 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய அந்த நிலங்கள், அவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கப்படக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்டவை. எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை நிலத்தோடு போகும். அந்த ஒதுக்கீட்டின் நோக்கம் நியாயமானது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்குபவர் பணத்தை இழப்பதோடு, நிலமற்றவர்களுக்குக் கிடைத்த சிறு உரிமையைப் பறிப்பதிலும் பங்காளியாகிறார். பூமிதான நிலம், வக்ஃபு நிலம் ஆகியவற்றுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. கோயில் நிலத்தை 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் விற்றால் விற்பனை செல்லாது.

நம்பிக்கை: வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் சொத்து சுத்தம்

ஈசி என்று எல்லாரும் சொல்லும் வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களின் பட்டியல். பதிவாகாதது எதுவும் அதில் வராது. இந்த ஓர் உண்மையின் விளைவுகள் பல.

உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. தாத்தா எழுதி அலமாரியில் வைத்த உயில் எந்தச் சான்றிலும் தெரியாது. வாய்மொழியாக நடந்த பாகப் பிரிவினை, பதினொரு மாத வாடகை ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவையும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரை அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். அசல் பத்திரத்தை ஒப்படைத்துப் பெறும் அடமானக் கடன் பதிவாகாமலும் இருக்கலாம். வங்கிகள் பொதுவாக அதற்கான குறிப்பைப் பதிந்துவிடுகின்றன. தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியவர் பதிந்திருக்கமாட்டார். ஆகவே அசல் மூலப் பத்திரங்களை நகலில் பார்த்துத் திருப்தியடையாமல் நேரில் பார்க்க வேண்டும். அசல் தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், காவல் நிலையச் சான்றையும் நாளிதழ் அறிவிப்பையும் கேட்பதோடு, அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் தேவை.

சான்று எந்தச் சர்வே எண்ணுக்குக் கேட்கப்பட்டதோ அதற்குத்தான் பதில் தரும் என்பதும் கவனத்துக்குரியது. உட்பிரிவு ஆவதற்கு முன்பிருந்த பழைய எண்ணில் ஒரு விற்பனை பதிவாகியிருந்தால், புதிய எண்ணுக்குக் கேட்ட சான்றில் அது விடுபடக்கூடும். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் கேட்பதே முறை. வழக்கறிஞர்கள் குறைந்தது முப்பது ஆண்டுச் சான்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, எதிர் அனுபவத்தால் தனியார் தம் நிலத்தை மீட்கும் உரிமையை இழக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் போதும். அரசு வழக்குத் தொடுக்கவோ முப்பது ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. கணினியில் பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகளே கிடைக்கும். அதற்கு முந்தியவற்றை அலுவலகத்தில் கையால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சொத்து வழக்குகளில் அடிக்கடி அடிபடுவது வாரிசுகளின் கையெழுத்து. இந்துக் குடும்பங்களில் தந்தையின் சுயசம்பாத்தியத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகள்கள் 1956 முதலே மகன்களுக்குச் சமமான வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-ல் திருமணமாகாத மகள்களுக்கும், மத்திய அரசு 2005-ல் எல்லா மகள்களுக்கும் பங்கு கொடுத்தன. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இது பிறப்பால் வரும் உரிமை என்றும், சட்டத்திருத்தத்தின்போது தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்றும் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப் பிரிவினைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. ‘சீர்வரிசை செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அக்கா தங்கைக்குப் பங்கில்லை’ என்று அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் நிலத்தை வாங்குபவர், இன்னொரு குடும்பத்தின் பாகப் பிரிவினை வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். சிறாரின் பங்கு அடங்கிய சொத்தும் இப்படித்தான்: நீதிமன்ற அனுமதியின்றிச் சிறாரின் தனிச் சொத்தைக் காப்பாளர் விற்றிருந்தால், அந்தச் சிறார் வயதுக்கு வந்த பிறகு அதை ரத்து செய்யக் கோரலாம். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கையெழுத்தோ விடுதலைப் பத்திரமோ இருந்தால்தான் சங்கிலி முழுமை.

நம்பிக்கை: வங்கிக் கடன் கிடைத்தால் எல்லாம் சரிபார்க்கப்பட்டதாக அர்த்தம்

வங்கியின் சட்ட ஆலோசகர் வங்கிக்கு வேலை செய்கிறார். கொடுத்த கடன் திரும்புமா என்பதே அவர் கவலை. அந்தக் கடனுக்கு ஈடாக வாங்குபவரின் சம்பளமும் இருக்கிறது. சொத்து வழக்கில் சிக்கினாலும் தவணை நிற்காது. முதலீடாக அது லாபம் தருமா என்பதை வங்கி ஆராய்வதே இல்லை. சில ஆயிரம் ரூபாய் செலவில் தனி வழக்கறிஞரிடம் ஒரு கருத்துரை வாங்குவதைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம்பிக்கை: பஞ்சாயத்து அப்ரூவல் உள்ள மனை அங்கீகாரம் பெற்ற மனை

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் தொழில்நுட்ப அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவும் மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியும் மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலில் சாலை அகலமும், பெரிய மனைப்பிரிவானால் பூங்காவுக்கான பத்து விழுக்காடு திறந்தவெளியும் அடங்கும். அங்கீகாரமற்ற மனைகளில் இவை பெயரளவில் கூட இருப்பதில்லை.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கானோர் கையில் விற்க முடியாத மனை இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அதற்குப் பின் உருவானவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. வரன்முறைக் கட்டணம் கட்டிய மனைக்கும் கட்டாத மனைக்கும் விலை வேறு. கட்டாததை மலிவு என்று வாங்குவது முதலீடாகாது.

ரெரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு எண் பற்றியும் இதே குழப்பம். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் எழுபது விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டட அமைப்பில் குறை தெரிந்தால் ஐந்து ஆண்டுகள் வரை கட்டுநரே சரிசெய்ய வேண்டும். இவை நல்ல பாதுகாப்புகள். விலை நியாயமானதா, அங்கே வாடகைக்கு ஆள் வருமா என்பதற்கு ரெரா பொறுப்பேற்காது.

‘பண்ணை நிலம்’ என்று சென்ட் கணக்கில் விற்கப்படுவது வேளாண் நிலமே. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக மாறாதவரை அதை வீட்டு மனை விலையோடு ஒப்பிடுவது தவறு. வெளிநாட்டுவாழ் இந்தியர்கள் வேளாண் நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் விளம்பரம் செய்பவர்கள் சொல்வதில்லை.

நம்பிக்கை: பெரிய திட்டம் வரப்போகிறது, இப்போதே வாங்கினால் விலை பறக்கும்

அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் என்பதுதான் இங்கே கணக்கு. வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2013-ல் அறிவிக்கப்பட்டது; 2019-ல் அடிக்கல்; 2023 டிசம்பர் 30-ல் திறப்பு. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் திருப்பெரும்புதூர் பக்கம் வரும் என்று பல ஆண்டுகள் பேச்சு இருந்தது. 2022 ஆகஸ்டில் தேர்வானதோ காஞ்சிபுரம் அருகேயுள்ள பரந்தூர். பேச்சை நம்பி விலை கொடுத்தவர்களுக்கு நிலம் அங்கேயே இருக்கிறது, காரணம்தான் இடம் மாறிவிட்டது.

திட்டத்துக்கு மிக அருகில் வாங்குவதில் இன்னோர் ஆபத்து, அந்த நிலமே கையகப்படுத்தப்படலாம். 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டப்படி, முதனிலை அறிவிக்கை வெளியானபின் மாவட்ட ஆட்சியரின் விலக்கு இல்லாமல் அந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. இழப்பீட்டுக்கு அடிப்படையாவது அரசின் வழிகாட்டி மதிப்பும் பதிவான விலைகளும்தான். தரகர் சொன்ன விலை எந்தக் கணக்கிலும் வராது. ஒரே தொழிற்சாலையை நம்பி நிற்கும் பகுதியும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. திருப்பெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலைத் தொழிலாளர்களுக்கு அறைகள் கட்டி வாடகைக்கு விடுபவரின் வருமானம் அப்படிப்பட்ட ஒரே முடிவில் நின்றுபோகும்.

நம்பிக்கை: மண் மேடாக்கிவிட்டால் வெள்ளம் வராது

ஒரு மனையை மட்டும் உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து மனைக்கும் சாலைக்கும் போகும். சாலை மூழ்கினால் உயர்ந்த மனையும் தீவாகும். 2015 டிசம்பரில் அடையாற்றின் கரையோரத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் காட்டியது இதையே. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீர்வழிகளை அடைத்துக் கட்டிய குடியிருப்புகள் வெள்ளத்தை வாங்குவதோடு நகரின் மற்ற பகுதிகளுக்கும் அதைத் தள்ளிவிடுகின்றன. புலப்பட வரைபடத்தில் வாய்க்காலோ ஓடையோ தாங்கலோ தெரிந்தால், இன்று அங்கே தண்ணீர் இல்லை என்பது ஆறுதலாகாது. இடத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்ப்பதும், எதிர் வீட்டுச் சுவரில் உள்ள நீர்க்கறையின் உயரத்தைக் கவனிப்பதும் எந்தச் சான்றிதழிலும் கிடைக்காத தகவலைத் தரும். சித்திரையில் ஒருமுறை போய், ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று கேட்பதும் அதே அளவு முக்கியம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, லாரியை நம்பியிருந்த குடியிருப்புகளில் பராமரிப்புச் செலவு வாடகையைத் தின்றது.

நம்பிக்கை: வாடகையே தவணையைக் கட்டிவிடும்

இந்திய நகரங்களில் குடியிருப்புகளின் ஆண்டு வாடகை பெரும்பாலும் சொத்து விலையில் இரண்டு முதல் நான்கு விழுக்காடு. வீட்டுக் கடன் வட்டி அதைவிட மிகவும் அதிகம். எடுத்துக்காட்டாக, அறுபது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஏழு விழுக்காடு முத்திரைத் தீர்வையும் இரண்டு விழுக்காடு பதிவுக் கட்டணமும் சேர்த்தால் அடக்கவிலை ரூ. 65.4 லட்சம். மாத வாடகை ரூ. 15,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 1.8 லட்சம். ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடந்து, சொத்து வரிக்கும் வெள்ளையடிக்கவும் பழுதுக்கும் இருபத்தைந்தாயிரம் போனால் கையில் நிற்பது ரூ. 1.4 லட்சம். அடக்கவிலையில் இது இரண்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. நாற்பத்தெட்டு லட்சத்தை 8.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ. 41,650. வாடகை அதில் பாதியைக்கூட எட்டாது. மீதி ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து போகிறது. விலை உயர்வு அதை ஈடுகட்டினால்தான் இது முதலீடு.

நம்பிக்கை: நிலத்தின் விலை ஒருபோதும் இறங்காது

‘2010-ல் இருபது லட்சத்துக்கு வாங்கிய மனை 2025-ல் அறுபது லட்சம்’ என்பது பெருமையாகச் சொல்லப்படும். பதினைந்து ஆண்டில் மும்மடங்கு என்பது ஆண்டுக்கு 7.6 விழுக்காடு கூட்டு வளர்ச்சி. அதே பதினைந்து ஆண்டுகளில் பொதுச் சேமநல நிதியான பிபிஎஃப் 7.1 முதல் 8.8 விழுக்காடு வரை வரியில்லாமல் கொடுத்தது. வேலி போட வேண்டியதில்லை, ஆக்கிரமிப்பைப் பார்த்துவர வேண்டியதுமில்லை. மனை மோசமான முதலீடு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் விலையை ரூபாயில் சொல்லி வியப்பதை விட்டு, ஆண்டு விழுக்காடாக மாற்றிப் பார்க்காமல் எதையும் ஒப்பிட முடியாது. விலை இறங்கவில்லை என்று தோன்றுவதற்கு இன்னொரு காரணம், மந்தமான காலத்தில் உரிமையாளர்கள் விலையைக் குறைப்பதற்குப் பதில் விற்காமலே இருந்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகள் ஒரே விலையில் நிற்கும் மனை, பணவீக்கத்தைக் கழித்தால் விலை இறங்கிய மனைதான்.

அடுக்குமாடி வீட்டில் கணக்கு இன்னும் நுட்பமானது. கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகி மதிப்பிழக்கும். மதிப்பேறுவது அடியில் உள்ள நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூடிஎஸ். தளப்பரப்புக் குறியீடு இரண்டு உள்ள இடத்தில், ஒரு கிரவுண்டான 2,400 சதுர அடியில் தோராயமாக 4,800 சதுர அடி கட்டலாம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஐந்நூறு சதுர அடி நிலம் சேரும். உயரமான கட்டடத்துக்கு அனுமதிக்கப்படும் 3.25 குறியீட்டில் அதே வீட்டுக்குச் சேர்வது சுமார் முந்நூறு சதுர அடிதான். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். யூடிஎஸ் பத்திரத்தின் உள்ளே ஒரு வரியில் இருக்கும். இருபது ஆண்டு கழித்து விலையைத் தாங்குவது அந்த வரி. 2022-ல் இயற்றிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்து மறுபடி கட்டலாம் என்றானபின், யூடிஎஸ் அதிகமுள்ள பழைய வீட்டின் மதிப்பு கூடியிருக்கிறது.

நம்பிக்கை: பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் இருவருக்கும் லாபம்

லாபம் விற்பவருக்கு. வாங்குபவர் இன்று மிச்சம் பிடிக்கும் ஒன்பது விழுக்காடு, நாளை அவர் விற்கும்போது கூடுதல் மூலதன ஆதாயமாகத் திரும்பி வரும். ஏனெனில் அவருடைய கொள்முதல் விலை பத்திரத்தில் உள்ளதுதான். வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைவாகப் பதிந்தால், அந்த வேறுபாடு வாங்குபவரின் வருமானமாகவே வரிக்குள் வரும். சொத்து விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதற்கும் வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. விற்பனை முறிந்தால், கறுப்பாகக் கொடுத்த தொகையைக் கேட்டு நீதிமன்றம் போக ஆதாரம் இருக்காது.

நம்பிக்கை: அவசரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம்

மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மனையில் கால் பங்கை மட்டும் விற்க முடியாது. முழுதாக விற்கவும் மாதங்கள் ஆகும். அவசரம் தெரிந்தால் விலை குறையும். இருபத்து நான்கு மாதங்களுக்குள் விற்றால் ஆதாயம் வழக்கமான வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகும். அதன் பிறகு விற்றால் 12.5 விழுக்காடு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவற்றுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பணவீக்கக் குறியீட்டோடு கூடிய இருபது விழுக்காட்டைக் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ ஆனால் வாங்குபவர் ஒரு விழுக்காட்டைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும். வாங்கும்போது ஒன்பது விழுக்காடு பதிவுச் செலவும், இருமுறையும் தரகும் போவதால், முதல் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு விலை உயர்வு முதலை மீட்கவே சரியாகிவிடும். ஆகவே ஏழெட்டு ஆண்டுக்குள் தேவைப்படக்கூடிய பணத்தை, மற்ற எல்லாச் சோதனையிலும் தேறிய சொத்தாக இருந்தாலும், அதில் முடக்கக் கூடாது.